ஆறு றாத்தல் கல்

சின்னமலைத் தோட்டம், மேல்பிரிவு,
பூண்டுலோயா.
16.9.1962

உடன்பிறந்த தம்பி கந்தப்பனுக்கு அக்கா சண்முகவடிவு எழுதுவது. உன் மச்சானுக்குப் பழைய இழுப்பு, எனக்குப் பழைய வாய். இரண்டையும் தவிர இந்த வீட்டில் நோய் நொடி இல்லை. கொழும்பில் நீயும் உன் வீட்டுக்காரி மீனம்மாவும் சுகமா? அவளுக்குச் சளி விட்டதா?

இங்கே பன்னிரண்டு நாளாக மழை. மழையோடுதான் கொழுந்து எடுக்கிறோம். உன் மச்சான் பேரைப் போன வருஷம் செக்றோல் பேர்ப்பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள் அல்லவா, அன்றிலிருந்து மனுஷன் அடுப்படியில் உட்கார்ந்துகொண்டு எனக்குக் கணக்கப்பிள்ளை வேலை பார்க்கிறார். நான் முகவாய் நாடியைத் தூக்கிப் பார்க்கிறேனாம். "புருஷனைப் பாக்கிறதுக்கே நாடியைத் தூக்குறாளே, பெரிய துரைசாணி" என்று லயத்து வரிசை வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

கொழுந்து நிறுத்து எழுதுகிற நிஜக் கணக்கப்பிள்ளை கணேசமூர்த்தி ஐயாவும் சும்மா இல்லை. காலை நிறுவையில் என் கொழுந்தில் முற்றல் இலை கிடக்கிறதாம், பகல் கொழுந்து மட்டும் பவுனாக இருக்கிறதாம். "வடிவு, நீ பத்து மணிக்கு மேலதான் முழிக்கிறியா?" என்று ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டார். போகிறது.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். பக்கத்துக் காம்பரா வீரம்மா உன்னிடம் கேட்கச் சொன்னாள். வயசாகி மேல் இமை தொங்கிப்போனால் அதற்கு உங்கள் கண் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து ஏதும் உண்டா? அவளுக்குத்தான்.

எழுத்து கோணலாக இருந்தால் மேசையைத் திட்டு. ஒரு கால் ஆடுகிறது.

இப்படிக்கு,
அக்கா சண்முகவடிவு

*

கொழும்பு
30.9.1962

அன்பான அக்காவுக்குத் தம்பி கந்தப்பன் வணக்கத்துடன் எழுதுவது. மீனம்மாவுக்குச் சளி விட்டது, எனக்குப் பிடித்திருக்கிறது. மச்சானுக்கு இழுப்பு கூடினால் கொள்ளுக் கஞ்சி கொடுங்கள்.

வீரம்மா அக்காவிடம் சொல்லுங்கள்: அதற்குச் சொட்டு மருந்து கிடையாது. ஆனால் வைத்தியம் உண்டு. எங்கள் பெரிய டாக்டர் செய்கிறார். நான் வார்டிலிருந்து ஆட்களை ஆப்பரேஷன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போகிறவன்தானே, பக்கத்தில் நின்று கண்ணால் பார்த்தது. போன மாதம் ஒரு பஸ் டிரைவர் வந்தார். இரண்டு இமைத் தோலும் மடிந்து இமை மயிர் மேலேயே கிடந்தது. டாக்டர் அவரை உட்கார வைத்து, சின்ன இடுக்கியால் தோலைக் கிள்ளிப் பார்த்து, மையால் கோடு போட்டார். மூடு என்றார், திற என்றார். கோட்டை அழித்தார், திரும்பப் போட்டார். தேவைக்கு ஒரு நூல் கூடுதலாக வெட்டினால் பிறகு கண் மூடாது, மூடாத கண் காய்ந்து கெட்டுவிடும் என்பதால் அத்தனை நிதானம். அந்த மனுஷன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றால் எனக்குச் சாப்பாடு மறந்துபோகும். டிரைவர் இப்போது ஹட்டன் பஸ்தான் ஓட்டுகிறார்.

இன்னொன்று, அக்கா. மேசை ஆடினால் எழுத்து மேலும் கீழும் ஆடும். உங்கள் எழுத்து ஒரே பக்கமாகச் சரிகிறது. இடக்கையால் இமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எழுதினீர்களா? நம் அப்பாவுக்கும் கடைசியில் இமை இப்படித்தான் இறங்கியது. வீரம்மா அக்காவை விட்டுவிடுங்கள். நீங்கள் வாருங்கள்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
கந்தப்பன்

*

சின்னமலைத் தோட்டம்
28.10.1962

தம்பிக்கு,

நலம்தான், நலம்தான். உன்னைப் படிக்க வைத்தது தப்பு என்று இப்போது தெரிகிறது.

ஐம்பத்தொரு வயசில் இமை இறங்காமல் பின்னே ஏறுமா? கண்ணுக்குள் ஒன்றும் கோளாறு இல்லை. கத்தி, ஊசி, மை ஒன்றும் எனக்கு வேண்டாம். நீ ஆஸ்பத்திரிச் சோறு தின்கிறவன், உனக்கு அது பூ வைக்கிற வேலை மாதிரி இருக்கும்.

உனக்குப் புரியும்படி சொல்கிறேன். நாங்கள் குடியிருக்கிற இந்தக் காம்பரா என் பேரில் நிற்கிறது. எனக்குக் கண் தெரியவில்லை என்று ஒரு வார்த்தை ஆபீசுக்குப் போனால், அடுத்த மாதமே பேரை வெட்டிவிடுவார்கள். பேர் போனால் காம்பரா போகும். இழுப்புக்கார மனுஷனைக் கூட்டிக்கொண்டு நான் எந்த மரத்தடியில் உட்கார? அதனால் இந்தப் பேச்சை மேற்கொண்டு எழுதாதே. தோட்டத்துத் தபால் ஆபீசைத் தாண்டித்தான் வருகிறது. எழுதினால் பூண்டுலோயா நூர்தீன் நானா கடை விலாசத்துக்குப் போடு. ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்கப் போகிறபோது எடுத்துக்கொள்வேன்.

நான் குருடி இல்லை. கூடை நிறைந்துவிட்டால் மலை முழுக்கப் பளிச்சென்று தெரிகிறது, எதிர்மலையில் ஆள் நடப்பதுகூடத் தெரிகிறது. காலையில் மட்டும்தான் கொஞ்சம் மங்கல்.

மீனம்மாவுக்கு என் அன்பைச் சொல்.
அக்கா

*

கொழும்பு
11.11.1962

அக்காவுக்கு,

வீட்டில் எல்லோரும் சுகம். நூர்தீன் நானா கடைக்குத்தான் அனுப்புகிறேன், பயப்படாதீர்கள்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரியை நாலைந்து தரம் படித்துவிட்டேன். கூடை நிறைந்தால் ஏன் கண் தெரிய வேண்டும்? காலையில் தெரியாத கண் பகலில் எப்படித் தெரிகிறது? இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். வேறு ஒன்றும் கேட்க மாட்டேன்.

தம்பி

*

கொழும்பு
20.1.1963

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் மூச்சு எப்படி இருக்கிறது? பொங்கலுக்கு அக்கா கடிதம் போடாமல் இருந்த வருஷமே கிடையாது. நவம்பரில் ஒன்று, டிசம்பரில் ஒன்று போட்டேன். பதில் இல்லை. நூர்தீன் நானாவுக்கு எழுதிக் கேட்டேன், இரண்டும் கடையிலேயே கிடக்கின்றனவாம், முதலில் பிறகு வாங்கிக்கொள்கிறேன் என்றாராம், டிசம்பர் கடைசிக்குப் பிறகு அக்கா அந்தப் பக்கமே வரவில்லையாம். என்ன நடந்தது என்று நீங்களாவது எழுதுங்கள்.

மச்சினன் கந்தப்பன்

*

சின்னமலைத் தோட்டம்
2.2.1963

மாப்பிள்ளைக்குச் சோலைமலை எழுதுவது. உயிரோடு இருக்கிறோம். அதைத்தான் சுகம் என்று சொல்ல வேண்டும்.

எழுத வெட்கமாக இருந்தது, அதனால்தான் எழுதவில்லை. உன் அக்கா கூடையில் கல்லைப் போட்டு நிறுவைக்குக் கொண்டுபோனாள் என்று பிடித்துவிட்டார்கள். டிசம்பர் கடைசியில் ஒரு நாள் திடீரென்று மழை வலுத்துவிட்டது. கங்காணி அந்த நிமிஷமே எல்லோரையும் நிறுவைக்கு விரட்டியிருக்கிறார். கணக்கப்பிள்ளை கூடையைக் கவிழ்த்ததும் கொழுந்துக்கு அடியில் துணியில் சுற்றிய கல் உருண்டு அவர் காலடியில் விழுந்ததாம். எடை கூட்டத்தான் போட்டாள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். வேறு எதற்கு ஒருத்தி கூடையில் கல் போடுவாள்? கல்லை ஆபீஸ் அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறார்கள். இவளை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். தோட்டத்துத் துரை மார்ச் முடிவில் விசாரிப்பாராம்.

முப்பத்தாறு வருஷம் கொழுந்தெடுத்தவள். ஒரு இலைகூட அடுத்தவள் நிரையில் கிள்ளாதவள். "ஏன்டி போட்ட, சொல்லு" என்று கேட்டுக் கேட்டு எனக்கு இழுப்பு வந்ததுதான் மிச்சம். வாயே திறக்கவில்லை. அவளைச் சும்மா இருக்கச் சொல்லித்தான் இத்தனை வருஷம் கெஞ்சினேன். இப்போது அவள் பேசாமல் இருப்பது எனக்குப் பயமாக இருக்கிறது, மாப்பிள்ளை.

சோலைமலை

*

கொழும்பு
8.2.1963

மச்சான், நூர்தீன் நானா ஆள் மூலம் வருகிற இதைக் கையில் வாங்கியதும் அடுத்த வேலை பார்க்காமல் படியுங்கள்.

அக்கா திருடவில்லை. எனக்கு இப்போதுதான் விளங்கியது. நாலு வருஷத்துக்கு முன் நான் வந்தபோது ஒன்று கவனித்தேன். மற்றவர்கள் கூடைக்கயிற்றை உச்சந்தலையில் போடுவார்கள், அக்கா முன்நெற்றிக்கு இறக்கிப் போட்டிருந்தார். ஏன் என்று கேட்டதற்கு உச்சி வலிக்கிறது என்றார். கூடை கனத்தால் கயிறு நெற்றித் தோலைப் பின்னால் இழுக்கும். தோலோடு புருவம் ஏறும், இமையும் ஏறும், கண் திறக்கும். வெறுங்கூடையில் இழுப்பு இல்லை, அதனால்தான் காலைக் கொழுந்தில் முற்றல் இலை. அதனால்தான் கல். நிறுவைக்கு முன்னால் தினமும் எடுத்து ஒளித்திருப்பார், அன்றைக்கு மழை அவகாசம் கொடுக்கவில்லை.

நம்பாவிட்டால் நீங்களே கூடையை மாட்டிவிட்டுப் பாருங்கள். பார்த்த பிறகு அக்காவை ரயில் ஏற்றிவிடுங்கள். இங்கே நான் பெரிய டாக்டரிடம் நாள் வாங்கிவிட்டேன்.

கந்தப்பன்

*

சின்னமலைத் தோட்டம்
15.2.1963

மாப்பிள்ளைக்கு,

மூச்சு பரவாயில்லை.

நீ சொன்னபடி செய்தேன். காலையில் வாசல் வெளிச்சத்தில் அவளை நிற்க வைத்துக் கூடையை மாட்டினேன். அவள் மாட்டேன் என்றாள், அழுதாள், நான் விடவில்லை. கல்லுக்கு எங்கே போவது? அம்மிக் குழவியைத் தூக்கிக் கூடையில் போட்டேன். கயிறு இறுகியது. நாடியைத் தூக்காமலே என்னை நேராகப் பார்த்தாள், மாப்பிள்ளை. ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"உங்க மீசை இம்புட்டு நரைச்சிருச்சே. எனக்குத் தெரியாமப் போச்சே."

நான் துரைசாணி என்று சொன்ன வாயில் அடித்துக்கொண்டேன்.

பிடிபட்ட அன்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "திருடின்னா தண்டனை முடிஞ்சதும் பேர் இருக்கும். குருடின்னா பேரே போயிடும்"னு சொன்னாள். இதை ஒன்றரை மாதம் உள்ளுக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறாள்.

செவ்வாய்க்கிழமை தலவாக்கலையில் ரயில் ஏற்றிவிடுகிறேன். என்னால் அவ்வளவு தூரம் வர முடியாது. அவளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள். ஆபரேஷனில் ஏதாவது ஆகிவிட்டால் எனக்குச் சொல்லாதே.

சோலைமலை

*

கொழும்பு
10.3.1963

மச்சானுக்கு,

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: ஒன்றும் ஆகவில்லை. அக்கா நல்ல சுகம். நேற்று ஆஸ்பத்திரிச் சோற்றில் உப்பில்லை என்று சமையல்காரனோடு சண்டை. நீங்கள் கஞ்சியாவது ஒழுங்காகக் குடிக்கிறீர்களா என்று கேட்கச் சொன்னார்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். முதல் நாள் டாக்டர் பார்த்தபோது அக்கா மரியாதைக்குத் தலையைக் குனிந்துகொண்டே இருந்தார். டாக்டர் இமைத் தோலைக் கிள்ளிப் பார்த்து, அதை மட்டும் கொஞ்சம் வெட்டினால் போதும் என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. நான் வார்டு ஆள், அவர் பெரிய டாக்டர். இருந்தாலும் சிங்களத்தில் கூடை, கயிறு, கல், கணக்கப்பிள்ளை எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டு விழும் என்று நினைத்தேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "கூடை கொண்டு வா" என்றார்.

கொழும்பில் கொழுந்துக் கூடைக்கு எங்கே போவேன்? சந்தையில் ஒரு மீன்கூடை கேட்டு வாங்கி, மூன்று தரம் கழுவினேன், வாடை போகவில்லை. கயிறு கட்டினேன். டாக்டர் முதலில் அதைத் தன் தலையில் மாட்டிக்கொண்டார், மச்சான்! வெள்ளைக் கோட்டோடு, முதுகில் மீன்கூடையோடு, கண்ணாடி முன் நின்று கயிறு தோலை எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்த்தார். நர்ஸ்மார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

பிறகு அக்காவுக்கு மாட்டி, சமையலறைத் தராசின் படிக்கற்களை ஒவ்வொன்றாகக் கூடையில் போடச் சொன்னார். ஒரு றாத்தல், இரண்டு, மூன்று. அக்காவுக்கு எதிரே குனிந்து கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தில் பாதி திறந்தது. ஆறில் கண்மணி முழுக்கத் தெரிந்தது. ஏழு போட்டும் அதற்கு மேல் மாற்றம் இல்லை. "ஆறு" என்று எழுதச் சொன்னார். இமை மட்டும் இல்லை, புருவமே இறங்கியிருக்கிறது, இமையை மட்டும் வெட்டியிருந்தால் புருவம் மறுபடி அதன்மேல் வந்து உட்கார்ந்திருக்கும் என்று என்னிடம் விளக்கினார். இத்தனை பெரிய மனுஷன் தன் கணக்கு தப்பு என்று ஒரு வார்டு ஆளிடம் சொல்கிறார். என்ன சொல்ல!

நாலு வருஷம் கயிறு பதிந்து அக்கா நெற்றியில், மயிருக்குக் கீழே, ஒரு பள்ளம் இருக்கிறதல்லவா? அதை விரலால் தடவிப் பார்த்து, "கோடு இவங்களே போட்டு வச்சிருக்காங்க" என்று சிங்களத்தில் சொன்னார். அந்தப் பள்ளத்தோடே வெட்டி, அங்கேயே தோலை எடுத்துப் புருவத்தை உயர்த்தினார். இமையிலும் கொஞ்சம், மடிப்பு விழுகிற இடத்தில். மரத்துப்போக ஊசிதான், மயக்கம் இல்லை. நடுவில் தூக்கி உட்கார வைத்து மூடச் சொன்னார், திறக்கச் சொன்னார். மூடியபோது இரண்டு இமையும் சேர்கிறதா என்று விளக்கைக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். நான் அக்காவின் கையைப் பிடித்திருந்தேன்.

மூன்று நாள் முகம் வீங்கி, பலாக்கொட்டை அவித்தது போல் இருந்தது. ஏழாம் நாள் தையல் பிரித்தார்கள். நாடி தூக்காமல், புருவம் சுருக்காமல், நேராகப் பார்க்கிறார். ஜன்னலுக்கு வெளியே காக்காவைப் பார்த்து, "அதுக்குக் கழுத்து சாம்பல் நிறமாடா?" என்று கேட்டார்.

துரைக்கு டாக்டர் ஒரு கடிதம் எழுதியிருக்கிறார், இத்துடன் வருகிறது. கல் எதற்கு என்று விளக்கியிருக்கிறார். கடைசியில் ஒரு வரி: "நான் அந்தக் கல்லைப் பார்த்ததில்லை. ஆறு றாத்தல் அளவில் இருக்கும் என்பது என் கணக்கு. நிறுத்துப் பார்க்கவும்." நீங்களே ஆபீசில் கொடுங்கள். கல் வேறு கனமாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று எனக்குப் பயம்தான். அக்காவுக்கும் அதன் கனம் தெரியாது, கையில் கிடைத்த கற்களைக் கூடையில் போட்டுப் பார்த்து, எதில் கண் தெரிந்ததோ அந்தக் கல்லை எடுத்தாராம்.

கந்தப்பன்

*

சின்னமலைத் தோட்டம், மேல்பிரிவு,
பூண்டுலோயா.
5.5.1963

என் ராசா கந்தப்பனுக்கு, அக்கா எழுதிக்கொண்டது. உன் மச்சானுக்கு இழுப்பு குறைந்திருக்கிறது. எனக்கு வாய் குறையவில்லை. நான் அங்கே போட்டுவைத்த நெல்லிக்காய் ஊறுகாயை மீனம்மாவை நிழலில் வைக்கச் சொல்.

எழுத்தைப் பார்த்தாயா? அதே மேசைதான். கால் இன்னும் ஆடுகிறது.

விசாரணையைச் சொல்கிறேன். துரை கடிதத்தை இரண்டு தரம் படித்தார். பிறகு அலமாரியைத் திறக்கச் சொன்னார். கணேசமூர்த்தி ஐயா கையாலேயே, கொழுந்து நிறுக்கிற தராசிலேயே கல்லை வைக்கச் சொன்னார். உன் மச்சான் தராசையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். ஆறு றாத்தலுக்கு இரண்டு அவுன்ஸ் கூட! துரை தராசைப் பார்க்கிறார், கடிதத்தைப் பார்க்கிறார், என் கண்ணைப் பார்க்கிறார். நானும் நேராகத்தான் பார்த்தேன். என் பேர் செக்றோலில் இருக்கிறது, தம்பி. காம்பரா இருக்கிறது. நெற்றியில் கயிறு படக்கூடாது என்று டாக்டர் சொன்ன இரண்டு மாதத்தில் மிச்ச நாளெல்லாம் கொழுந்து அரைக்கிற ஸ்டோரில் தேயிலைக் குச்சி பொறுக்கினேன். போன திங்கட்கிழமை மலைக்கு ஏறினேன், கயிறு உச்சந்தலையில். காலை நிறுவையில் ஒரு முற்றல் இலை இல்லை. இருபதடி தள்ளி நிற்கிற செடியில் எது கொழுந்து, எது கரட்டு இலை என்று தெரிகிறது. அந்த டாக்டர் கைக்குத் தங்கக் காப்பு போட வேண்டும். நம்மிடம் தங்கம் ஏது? தினமும் விளக்கேற்றுகிறபோது அவரை நினைத்துக்கொள்கிறேன், அதைச் சொல்.

விசாரணை நடந்த அன்றைக்குச் சாயந்தரம் கணேசமூர்த்தி ஐயா லயத்துக்கு வந்தார். கல்லைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். "இதை நீயே வச்சுக்க வடிவு. ஆபீசில இருந்தா எனக்கு என்னமோ மாதிரி இருக்கு" என்றார். நான் வாங்கிக் கதவுக்கு அண்டை கொடுத்து வைத்தேன்.

இனிமேல்தான் விஷயம். போன ஞாயிறு மத்தியானம் வீரம்மா வந்தாள். ஊறுகாய் கேட்டாள், கொடுத்தேன். போகவில்லை. வாசலில் நின்றுகொண்டு கதவடியைப் பார்த்தாள். பார்க்கிறபோது நாடியைத் தூக்கினாள், தம்பி. மெதுவாகக் கேட்டாள்:

"அக்கா, உங்களுக்கு இனி அது வேணாம்தானே? அந்தக் கல்ல எனக்குத் தர்றீங்களா?"

என் வாய்க்கு வந்த பொய்க்கு அவள் பேரை எழுதினேன். பக்கத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் அவளும் என்னைப் போலவே ஒளித்து வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். எனக்குத் தெரியவில்லை. அவள் முகத்தைப் பார்க்க எனக்குக் கண் இருந்ததா?

கல்லை நான் கொடுக்கவில்லை. கையைப் பிடித்து உட்கார வைத்துத் தேத்தண்ணி கொடுத்தேன். துரையிடம் நானே கூட்டிக்கொண்டு போனேன், லீவு கிடைத்துவிட்டது. வருகிற திங்கட்கிழமை தலவாக்கலையில் இரண்டு பேரும் ரயில் ஏறுகிறோம். பெரிய டாக்டரிடம் ஒரு கட்டில் கேட்டு வை. மீன்கூடை தேடி அலையாதே. கூடையை நாங்களே கொண்டுவருகிறோம்.

உன் வரவேற்பை எதிர்பார்க்கும்,
அக்கா சண்முகவடிவு